வில்லாக வளைந்த கரை

மதுரை மாவட்டத்து எழுமலையில் ஒரு டீக்கடை பெஞ்சு. மடிக்கணினியில் அந்தச் சுற்றுவட்டாரத்தின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து வைத்திருந்தேன். ஊர்ப் பெயர்களையும் சாலைக் கோடுகளையும் அணைத்துவிட்டு வெறும் நிலத்தை மட்டும் விட்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பல வருடம் கண்மாயில் மடை திறந்து அடைத்தவர். நீர்பாய்ச்சி வேலை அவர் குடும்பத்தில் வழிவழியாக வந்தது. வானத்திலிருந்து எடுத்த படம் எதையும் அவர் அதுவரை பார்த்ததில்லை.

"இதுல நம்ம கண்மாய் எதுன்னு தெரியுதாங்கய்யா?" என்றேன்.

தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். டீயைக் கீழே வைத்துவிட்டு விரலை வைத்தார். "இந்தா, கரை வில்லு மாதிரி வளையுதுல்ல. இந்த முக்குல கலிங்கு. பெரிய மடை இங்கன. சின்ன மடை அங்கிட்டு." பிறகு அந்த விரல் மேற்கே, மலையடிவாரத்தைப் பார்த்து நகர்ந்தது. "வரத்துக்கால் இப்படித்தாம்ப்பா வரும்."

திரையில் அந்த இடத்தில் கால்வாய் எதுவும் இல்லை. உழுது போட்ட புஞ்சைதான் இருந்தது. ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, சுற்றியுள்ள மண்ணைவிடச் சற்றே கருத்த ஒரு பட்டை, அவர் விரல் போன வழியிலேயே நெளிந்து போனது.

அந்தப் பட்டை எப்படி வந்தது என்பதில் இந்த அத்தியாயத்தின் பாதி அறிவியல் இருக்கிறது. ஒரு கால்வாயில் பல தலைமுறை நீர் ஓடினால் அதன் அடியில் வண்டல் படியும். வண்டலின் துகள் மிக நுண்ணியது. ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஈர மண் ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்பும், அதனால் படத்தில் கருத்துத் தெரியும். கால்வாயைத் தூர்த்து ஏர் ஓட்டிவிட்டாலும் வண்டல் அங்கேயேதான் கிடக்கும். அதன்மேல் விதைத்த பயிர்கூட ஒரு விரல் உயரம் அதிகமாக நிற்கும். வயலுக்குள் நின்று பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. மேலே போனால் கோடு தெளிவாகிவிடும். முதல் உலகப் போரில் விமானத்திலிருந்து வேவு பார்த்த ஓ.ஜி.எஸ். கிராஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் போருக்குப் பிறகு இதே சூத்திரத்தைக் கொண்டு இங்கிலாந்தின் வயல்களுக்குள் மறைந்திருந்த பழங்காலக் குடியிருப்புகளை வானிலிருந்து கண்டார். அலெக்சாண்டர் கீலருடன் சேர்ந்து 1928இல் அவர் வெளியிட்ட நூல்தான் வான்வழித் தொல்லியலுக்கு அடித்தளம். எழுமலைப் பெரியவர் கிராஃபோர்டைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனாலும் இருவரும் படித்தது ஒரே எழுத்தை.

கரை ஏன் வில்லாக வளைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மதுரைச் சீமையின் நிலம் மேற்கே மலையடிவாரத்தில் தொடங்கிக் கிழக்கும் தென்கிழக்குமாக ராமநாதபுரம் வரை மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவில் ஓடிவரும் மழைநீரை மறிக்கக் கீழ்ப்புறம் மட்டும் கரை போட்டால் போதும். மேல்புறம் நிலமே ஏறிவிடுவதால் அங்கே கரை தேவையில்லை. நீர் பக்கவாட்டில் நழுவாதபடி இரண்டு முனைகளையும் மேட்டைப் பார்த்து வளைத்துவிடுவார்கள். வில்லின் தண்டு கரை. நாண் இருக்க வேண்டிய இடத்தில் நீரின் ஓரம். ஆகவே வானிலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் இந்த விதியைப் போட்டுப் பார்க்கலாம்: வில் எந்தப் பக்கம் புடைத்திருக்கிறதோ அந்தப் பக்கம் பள்ளம். ஒரு கண்மாயிலிருந்து வழியும் மறுகால் அடுத்த கண்மாயின் வரத்து என்பதால், வில்கள் சரிவை ஒட்டி வரிசையாக, ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருக்கும். மட்டக்கோல் பிடிக்காமலே நிலத்தின் வாட்டத்தைச் சொல்லிவிடும் படம் இது. மதுரை நகரம் எப்படி மாறியது என்பதைப் பழைய வான்படங்களில் தேடுகிறவர் முதலில் கட்டடங்களைத் தேடக்கூடாது என்பது என் எண்ணம். வில்களைத் தேட வேண்டும்.

அந்தப் படங்கள் எப்படி வந்தன? 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி பெரிய பெட்டி கேமராவோடு மதுரைக்கு வந்து மீனாட்சி கோயிலையும் அரண்மனையையும் தெப்பக்குளத்தையும் படமெடுத்தார். வைகையின் குறுக்கே கிடந்த தரைப்பாலத்தை அக்கரையில் நின்று எடுத்த படமும் அவற்றில் உண்டு. அதே 1858இல் பாரிஸ் அருகே நாடார் என்ற புனைபெயரில் புகழ்பெற்ற பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் பலூனில் ஏறி உலகின் முதல் வான்படத்தை எடுத்தார். (நம் ஊர்ச் சாதிப் பெயருக்கும் அதற்கும் தொடர்பில்லை.) அந்தப் படம் இன்று இல்லை. நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வான்படம் 1860இல் பாஸ்டன் நகரின் மேல் எடுக்கப்பட்டது. இந்தியத் துணைக்கண்டத்தில் பெரிய அளவிலான வான்வழி அளவை 1924இல் பர்மாவின் ஐராவதி கழிமுகக் காடுகளில் தொடங்கியது. அதன்பின் சர்வே ஆஃப் இந்தியாவின் வரைபட வேலையில் விமானம் நிரந்தர இடம் பிடித்தது.

அளவைக்காக எடுக்கும் வான்படம் வேடிக்கைக்கு எடுக்கும் படத்திலிருந்து ஒரு விஷயத்தில் வேறுபடும். விமானம் நேர்க்கோட்டில் பறக்கும்போது ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் பரப்பில் சுமார் 60 சதவீதத்தைத் திரும்பவும் எடுக்கும். அதனால் தரையின் ஒவ்வொரு புள்ளியும் இரண்டு இடங்களிலிருந்து, இரண்டு கண்களால் பார்த்ததுபோல் பதிவாகும். அடுத்தடுத்த இரண்டு படங்களை ஸ்டீரியோஸ்கோப் என்ற இரட்டைக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால் தட்டைக் காகிதம் எழுந்து நிற்கும். ஆள் உயரத்துக்கு மேல் சற்றே உயர்ந்த கண்மாய்க் கரை கோட்டைச் சுவர்போல் தெரியும். முதல்முறை பார்க்கிறவர்கள் கையை நீட்டித் தொடப் பார்ப்பார்கள்.

கணக்கும் எளிதுதான். லென்சின் குவியத் தூரத்தை விமானம் பறந்த உயரத்தால் வகுத்தால் படத்தின் அளவு விகிதம் கிடைக்கும். 152 மில்லிமீட்டர் லென்சோடு 6,080 மீட்டர் உயரத்தில் பறந்தால் அளவு 1:40,000. படத்தில் 1 சென்டிமீட்டர், தரையில் 400 மீட்டர். 23 சென்டிமீட்டர் சதுர ஃபிலிமில் 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பக்கமுள்ள நிலம் அடங்கும். மதுரை மாரியம்மன் தெப்பக்குளம், சுமார் 305 மீட்டருக்கு 290 மீட்டர், அந்தப் படத்தில் 7 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும்.

இத்தகைய படங்கள் நெடுங்காலம் பாதுகாப்புக் காரணத்தால் பொதுமக்கள் கைக்கு எட்டாமல் இருந்தன. எதிர்பாராத ஒரு வழி 1995இல் திறந்தது. அமெரிக்கா 1960 முதல் 1972 வரை கொரோனா என்ற ரகசியத் திட்டத்தில் வேவு செயற்கைக்கோள்களைப் பறக்கவிட்டது. கிருமிக்கும் அதற்கும் தொடர்பில்லை. எண்முறைப் படக்கருவி இல்லாத காலம் அது. எடுத்து முடித்த ஃபிலிம் சுருளை ஒரு கூட்டில் வைத்துக் கீழே போடுவார்கள். அது பாராசூட்டில் இறங்கும்போது பசிபிக் கடலின் மேல் விமானம் ஒன்று கொக்கி போட்டு நடுவானிலேயே பிடித்துக்கொள்ளும். 1960 ஆகஸ்டில் முதல்முறையாக இப்படிப் பிடித்தார்கள். பனிப்போர் முடிந்த பிறகு 1995 பிப்ரவரியில் 8.6 லட்சத்துக்கும் அதிகமான படங்கள் ரகசியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. இன்று அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் தளத்தில் யாரும் தேடலாம். முன்பே ஸ்கேன் செய்தவற்றை இலவசமாக இறக்கலாம்.

கொரோனாவின் கடைசிக் கால கேமராக்கள் தரையில் சுமார் 2 மீட்டர் அகலமுள்ள பொருளைப் பிரித்துக் காட்டும். அந்த ஃபிலிமின் அளவு ஏறத்தாழ 1:2,50,000. அதாவது நம் தெப்பக்குளம் முழுவதும் 1.2 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு கேழ்வரகு மணி அளவு. அந்தக் கேழ்வரகு மணிக்குள் மைய மண்டபம் தனியாகத் தெரியும் அளவுக்கு ஃபிலிம் நுட்பமானது. ஒப்பிட்டுப் பாருங்கள்: 1972 ஜூலையில் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் ஒரு பிக்சல் தரையில் சுமார் 80 மீட்டர். தெப்பக்குளம் அதில் நான்குக்கு நான்கு கட்டம், அவ்வளவுதான். ஆனால் லேண்ட்சாட்டுக்கு மனிதக் கண் காணாத அகச்சிவப்பு தெரியும். நீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும். உயிருள்ள இலை அதைப் பளிச்சென்று திருப்பி அனுப்பும். 1970 வாக்கில் இந்திய விஞ்ஞானி பி.ஆர். பிஷரடி ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு ஃபிலிமில் கேரளத் தென்னந்தோப்புகளை எடுத்து, வேர்வாடல் நோய் பிடித்த மரங்களைக் கண்டறிந்தார். இந்தியாவின் தொலையுணர்வு அறிவியல் அந்தத் தோப்புகளுக்கு மேல்தான் பிறந்தது.

மதுரைக்கு வருவோம். மேலிருந்து பார்க்கும்போது முதலில் கண்ணை இழுப்பது கோயிலைச் சுற்றிய சதுரங்கள்: ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதிகள். நடுவில் கோயில், ஒன்றை ஒன்று சூழ்ந்த தெருக்கள், சற்றே திருகிய சதுரம். கடைசிச் சதுரமான வெளி வீதி, கோட்டைச் சுவரும் அகழியும் இருந்த இடம். 1840களையொட்டி கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து மனைகளாக்கினார். அவர் நினைவாக நட்டதுதான் விளக்குத்தூண். மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்ற பெயர்களில் அந்த வேலையைச் செய்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நூற்றெழுபது வருடத்துக்கு முன்பே போன கோட்டையின் வடிவம் தெருவாக நிலைத்துவிட்டது. நகரங்களில் சுவர் போகும், வீடு போகும், கோடு போகாது. நான்கு பக்கமும் பட்டா வாங்கிய மனிதர்கள் இருப்பதால் ஒரு தெருவை அழிப்பது கோபுரத்தை அழிப்பதைவிடக் கடினம்.

கண்மாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதன் உள்வாய், அதாவது நீர் நிற்கும் பரப்பு, அரசு புறம்போக்கு. வீடு கிடையாது, பட்டா கிடையாது, வருடத்தில் பல மாதம் காய்ந்து தட்டையாகக் கிடக்கும். 1889இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் திறந்தபின் வைகையின் வடகரைக்கு நகரம் தாராளமாகத் தாண்டியது. அங்கே இடம் தேடிய ஒவ்வொரு தலைமுறையும் பெரிய, விலையில்லாத, சமதளமான நிலமாகக் கண்டது கண்மாயைத்தான். தல்லாகுளம், பீபிகுளம், ஆத்திகுளம், தத்தனேரி, உலகநேரி, இலந்தைக்குளம் என்று வடகரையின் பேருந்து நிறுத்தங்களை வரிசையாகச் சொன்னாலே பழைய நீர்வரைபடம் வந்துவிடும். மாநகராட்சி மாளிகை இருப்பது தல்லாகுளத்தில். 2004 ஜூலையில் தொடங்கிய உயர்நீதிமன்றக் கிளை அமைந்தது உலகநேரிக் கண்மாய்ப் பகுதியில். சென்னையிலும் இதே கதைதான். மாம்பலத்தின் நீண்ட ஏரி 1920களில் தியாகராய நகரானது. நுங்கம்பாக்கம் ஏரியில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறந்தது. ஏரிகள் போய் லேக் வியூ ரோடும் டேங்க் பண்ட் ரோடும் மிஞ்சின.

வில்லை அழித்தாலும் நிலத்தின் வாட்டம் மாறாது. 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர் பகுதித் தெருக்களிலும் வீடுகளிலும் தண்ணீர் புகுந்தது. செல்லூர்க் கண்மாய்க்கு அதற்கு மேலே உள்ள கண்மாய்களின் உபரிநீர் வந்து சேரும். அதன் உபரி பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போகும். மேலே நீரைப் பிடித்துவைக்க இருந்த பரப்பு குறைந்து, கீழே வாய்க்கால் இரு கரையிலும் வீடுகளுக்கு நடுவே நெருக்கப்பட்ட பிறகு, ஒரே மாலையில் வந்த நீருக்குத் தெருவைத் தவிர வேறு வழியில்லை. அன்றைய தினம் பலரும் "எதிர்பாராத வெள்ளம்" என்றார்கள். வில்கள் வரிசையாக நிற்கும் பழைய படம் ஒன்றை வைத்துக்கொண்டு பந்தல்குடி வாய்க்காலை மேல்நோக்கி விரலால் தொடர்ந்து பாருங்கள். எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் நிற்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். இந்த ஒரு பயனுக்காகவே இந்தப் படங்கள் ஒவ்வொரு நகராட்சி அலுவலகத்தின் சுவரிலும் மாட்டப்பட வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் அவசரப்பட்டுப் படிக்கக்கூடாது. நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு மாதத்தைப் பார்க்காமல் ஒப்பிடுவது. நம் கண்மாய்களுக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் உயிர். தையில் எடுத்த படத்தில் நிறைந்து கருத்திருக்கும் அதே கண்மாய், வைகாசியில் வெளுத்த மணல் திட்டாக இருக்கும். பழைய படம் தையிலும் புதிய படம் வைகாசியிலும் எடுத்ததென்றால், கண்மாய் செத்துவிட்டது என்று யாரும் ஏமாறலாம். மேகமில்லாத நாட்களையே படமெடுக்கத் தேர்ந்தெடுப்பதால், நிறைந்த மழைக்கால மதுரையை வான்படத்தில் காண்பதே அரிது.

நீரின் நிறமும் ஏமாற்றும். தெளிந்த நீர் கறுப்பு. புதுவெள்ளத்தின் கலங்கல் நீர் வெளிர்சாம்பல். சூரியன் சரியான கோணத்தில் பட்டுவிட்டால் அதே நீர் வெள்ளித்தகடு. இன்னொரு ஏமாற்று பச்சை. கண்மாய் உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டினால் மேலிருந்து தோப்பாகத் தெரியும். "பசுமை கூடியிருக்கிறது" என்று கணினி கணக்குச் சொல்லும். வைகையும் அப்படித்தான். ஒரு காலத்தில் அழகர் இறங்கும் ஆறு வெள்ளை மணல் பட்டையாகப் படத்தில் மின்னும். மணல் அள்ளப்பட்டு, கழிவுநீரில் கோரையும் ஆகாயத்தாமரையும் வளர்ந்தபின் அந்த வெள்ளை, திட்டுத்திட்டான கரும்பச்சையாகிவிட்டது. படத்தில் பச்சை கூடியதெல்லாம் நன்மை என்று நினைத்தால் வைகையின் நோயை அதன் நலமாகக் கணக்கெழுதிவிடுவோம்.

பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்துவது தனி வேலை. அன்றும் இன்றும் நகராத புள்ளிகளை இரண்டிலும் தேட வேண்டும். மதுரையில் கோபுரங்களைவிட நகராத புள்ளி எது என்று தோன்றும். அங்கேதான் தொடக்கக்காரர்கள் தடுக்கி விழுகிறார்கள். வான்படத்தில் உயரமான பொருள் எதுவும் படத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கிச் சாய்ந்தே விழும். தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர். முன்சொன்ன 1:40,000 படத்தில் அது நடுவிலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் உச்சி 0.7 மில்லிமீட்டர் நகர்ந்து நிற்கும். கண்ணுக்கு அது ஒன்றுமில்லை. தரையில் 27 மீட்டர். உச்சிக் கலசத்தைப் புள்ளியாக எடுத்தவருடைய வரைபடத்தில் ஒரு தெரு முழுவதும் அடுத்த தெருவின்மேல் ஏறிவிடும். கோபுரத்தின் அடி, தெப்பக்குளத்தின் மூலை, ரயில் பாதை சந்திப்பு, கண்மாய்க் கரையின் மடை, இவைதான் நம்பத்தக்க புள்ளிகள். தரையோடு தரையாக இருப்பதே சாயாது.

இவ்வளவையும் சரியாகச் செய்த பிறகும் படத்துக்குத் தெரியாத விஷயங்கள் உண்டு. எந்தப் பாறையில் உபரிநீர் வழியும் கலிங்கின் மட்டக் குறி வெட்டப்பட்டிருக்கிறது, எந்த மடைக்கு எத்தனை நாள் முறை, எந்த வாய்க்காலைத் திறக்க மேலூர்க்காரர் சம்மதம் வேண்டும், இதெல்லாம் ஃபிலிமில் பதியாது. மதுரையில் அந்த அறிவோடு இருந்த மடைக்காரர்கள் கண்மாய்களுக்கு முன்பாகவே போய்விட்டார்கள். எழுமலை, உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லா மழையும் பொய்த்த வருடங்களிலும் வரத்துக்காலைத் தூர்வாரிக் காத்திருந்தவர்கள் அவர்கள். மதுரையை மையமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை வயலகம் என்ற பெயரில் இவர்களையும் ஆயக்கட்டு விவசாயிகளையும் சங்கமாகச் சேர்த்துக் கண்மாய்களைச் செப்பனிட்டு வருவது, இந்த அறிவு கைவிடப்படாமல் இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அன்று எழுமலையில் அந்தப் பெரியவர் காட்டிய கருத்த பட்டையை நான் திரையில் சிவப்புக் கோடாக வரைந்து காட்டினேன். "அது அங்க சேந்து போகாதுப்பா" என்று திருத்தினார். "ஒரு புளியமரம் நிக்கும். அதுக்கு வடக்காம ஒதுங்கித்தான் போகும்." மறுநாள் காலை நடந்து போய்ப் பார்த்தேன். புளியமரம் இருந்தது. அதற்கு வடக்கே, உழவுசாலுக்கு நடுவில், முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு பழைய கல்கட்டின் விளிம்பு மண்ணிலிருந்து எட்டிப் பார்த்தது. படத்தில் அது தெரியவேயில்லை.

உங்கள் ஊருக்கும் ஒரு பழைய படம் எங்கோ இருக்கும். எழுமலைக்காரர்கள் சர்வே ஆஃப் இந்தியாவின் 58 ஜி/9 வரைபடத் தாளையும், மதுரைக்காரர்கள் 58 கே/1 தாளையும் தேடுங்கள். கொரோனா தொகுப்பில் உங்கள் ஊரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் போட்டுப் பாருங்கள். கிடைத்ததைப் பெரிய தாளில் அச்சிடுங்கள், ஊர்ப் பெயர் ஒன்றுகூட இல்லாமல். அதை மடை திறந்த கை இன்னும் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திண்ணையில் விரியுங்கள். அவர் கையில் ஒரு சிவப்புப் பேனாவைக் கொடுங்கள். அடுத்த ஐப்பசி வருவதற்குள் செய்யுங்கள்.